கண்மாய் மாதிரி

மதுரை பைபாஸ் ரோட்டில், கீழே பரோட்டாக் கடையும் முதல் மாடியில் பல் ஆஸ்பத்திரியும் இருக்கிற ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு, ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலையில் கண்மாய் வந்து சேர்ந்தது. குழாய் உடைந்து தண்ணீர் நின்றதைச் சொல்லவில்லை. குழாய்த் தண்ணீருக்குக் கோரைப்புல் ஏது, அல்லிக்கொடி ஏது, கணுக்காலைக் கொத்துகிற அயிரைமீன் ஏது? முழுசாக ஒரு கண்மாய், சேற்று வாசத்தோடும் தட்டான்பூச்சிகளோடும், படியேறி வந்த களைப்பில் மேசைகளுக்கு அடியில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

முதலில் பார்த்தவள் ஷகிலா பானு. முந்நீர் கன்சல்டன்சியின் வரவேற்பு மேசையும் அவள் பொறுப்பு, மாதாமாதம் வெளிவரும் 'முந்நீர் செய்திகள்' என்கிற நாலு பக்கத் தாளும் அவள் பொறுப்பு; யாருக்குப் பிறந்தநாள், யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று அந்த ஆபீசின் நல்லது கெட்டது எல்லாம் அவள் கையால்தான் அச்சேறும். கதவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் நின்றாள், செருப்பைப் படியில் கழற்றிவைத்தாள், சுடிதாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்துபோய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, அழகுமீனாளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஆபீசுக்குக் கண்மாய் வந்துருக்கு. உங்களத் தேடித்தான் வந்துருக்கும்போல."

"எந்தக் கண்மாய்?"

"பேரு சொல்லலக்கா. பிரிண்டர் மேல ஒரு நாரை உக்காந்துருக்கு."

எந்தக் கண்மாய் என்று அழகுமீனாளுக்குத் தெரிந்துவிட்டது. பயந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முந்நீர் கன்சல்டன்சியின் வேலையைச் சொன்னால்தான் அவள் பயம் புரியும். ஒருவர் ஆலை கட்டுவார், ஒருவர் குவாரி தோண்டுவார், ஒருவர் கிடங்கு போடுவார். அவர்கள் வருவதற்கு முன்னால் அந்த மண்ணில் காற்று எப்படி, தண்ணீர் எப்படி, மரம் எத்தனை, பறவை எத்தனை என்று எண்ணி அறிக்கை எழுதிக் கொடுப்பது இவர்கள் வேலை. எழுதுகிறவர்கள் ஆபீசில் இருந்தார்கள். வெயிலில் நின்று எண்ணுகிறவள் அழகுமீனாள், பதினாறு வருஷமாக. ஒவ்வோர் அறிக்கையிலும் ஓர் அட்டவணை உண்டு, அதில் ஒரு வரி உண்டு: 'திட்ட இடத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் நீர்நிலை: உண்டு / இல்லை.' அந்த வரியில் டிக் போட்டுக் கையெழுத்து இடவேண்டியவள் இடத்தை நேரில் பார்த்தவள்தான், வேறு யாரும் போட முடியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், சின்னவளாக இருந்தபோது, பெரியவர்கள் சொன்னார்கள் என்று வறண்டு கிடந்த ஓர் ஓடைக்கு அவள் 'இல்லை' போட்டாள். அடுத்த ஐப்பசியில் அந்த இல்லாத ஓடை பதினேழு வீட்டு அடுப்படிக்குள் புகுந்து சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஆறியிருக்கும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இத்தனை வருஷமும் அவள் நெஞ்சுக்குள் அது தண்ணீராகவே நின்றது.

இப்போது மறுபடியும் அதே வரி. கள்ளிவயல் என்கிற ஊரில் பெரிய கம்பெனி ஒன்று சரக்குக் கிடங்கு கட்டப் போகிறது. வேலிக்குப் பின்னால் கண்மாய். மழைத்தண்ணீரைக் கொண்டுவருகிற வரத்துக்கால் அடைபட்டு நாலு வருஷமாகக் காய்ந்த கண்மாய். அது இல்லை என்று தாளில் ஏறிவிட்டால் வரத்துக்காலை மூடி மதில் எழுப்பிவிடுவார்கள், பெய்கிற மழை ஊருக்குள்தான் போகவேண்டும். இயக்குநர் தேவநேசன் நல்லவர்தான், ஆனால் வந்த வேலை போய்விடுமோ என்கிற பயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைகிறவர்.

"மாட்டுக் குளம்படித் தண்ணியெல்லாம் கண்மாயாம்மா? இல்லைன்னு போட்டுருங்க அழகு. ஒரு டிக்குத்தானே."

"சாம்பிள் எடுத்துட்டு வந்து சொல்றேன் சார்" என்று தள்ளிப்போட்டுவிட்டு, திங்கட்கிழமை டிரைவர் முத்துராக்குவோடு ஜீப்பில் போனாள். கண்மாயின் நடுமையத்தில் மாட்டுக் குளம்பு அகலத்துக்குத் தண்ணீர் மினுங்கியது, அவ்வளவுதான். ஒரு லிட்டர் புட்டிக்குக் கணக்காக இருந்தது. அகப்பையால் மொண்டு நிரப்பி மூடியபோதுதான் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் தீர்ந்துபோனது தெரிந்தது. வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் எழுதினாள். வாய் 'சாம்பிள்' என்று சொன்னாலும் அவள் கை தமிழில்தான் எழுதும். ஊர் வரைபடத்தில் கண்மாய்க்குப் பெயர் போட்டிருக்கவில்லை. ஆபீசில் போய்ப் பார்த்து எழுதலாம் என்று பெயரை விட்டுவிட்டு, 'கண்மாய் மாதிரி' என்று மட்டும் எழுதி, ஆய்வக ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அவள் தண்ணீரைக் கடந்து ஃப்ரிட்ஜைத் திறந்தபோது புட்டி வெறுமையாக நின்றது. மூடி திறக்கவில்லை. பின்னாலேயே வந்த முத்துராக்கு கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கண்மாய் மாதிரின்னு எழுதிருக்கியே தாயி. அதான் கண்மாய் மாதிரி இருக்கு. அது மேல என்ன குத்தம்?"

அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை. தண்ணீருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது. இருக்கச் சொன்னபடி இருந்தது. கண்மாய் என்று எழுதியிருந்தால் எல்லாவற்றையும் நனைத்திருக்கும், மாதிரி என்று எழுதியதால் நனைக்க வேண்டியதை மட்டும் நனைத்தது: கால்களை நனைத்தது, கோப்புகளை விட்டது, மீன்களைச் சுமந்தது, மின்சாரத்தைத் தொடவில்லை, கீழே பல் டாக்டர் தலையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

முதல் நாள் ஆபீசில் வேலை ஓடவில்லை, இரண்டாம் நாள் ஓடியது, மூன்றாம் நாள் கண்மாய் இல்லாமல் இத்தனை வருஷம் எப்படித்தான் உட்கார்ந்திருந்தோம் என்று ஆளுக்கு ஆள் பேசத் தொடங்கிவிட்டார்கள். விரல்ரேகை மெஷினுக்கு ஊறிச் சுருங்கின கட்டைவிரல்களை அடையாளம் தெரியாமல் போகவே, வருகைப்பதிவுக்குப் படியில் பதிகிற ஈரக் காலடியே போதும் என்று ஆயிற்று. கண்மாய் என்றால் கரையில் அய்யனார் இருந்தே ஆகவேண்டும் என்று முத்துராக்கு ஒற்றைக்காலில் நின்றார், பக்கத்தில் நாரையும் நின்றது. உயரமாக இருந்தது ஜெராக்ஸ் மெஷின் ஒன்றுதான் என்பதால் அதற்குச் சந்தனம் தடவி எலுமிச்சம்பழம் வைத்தார்கள், அன்றிலிருந்து தேவையில்லாமல் நகல் எடுக்கிற பழக்கம் அந்த ஆபீசில் ஒழிந்தது. பல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பல் பிடுங்குவதற்கு முன்னால் மேலே வந்து கொஞ்ச நேரம் காலை நனைத்துவிட்டுப் போனார்கள், பயம் தெரியவில்லை என்றார்கள். பின்தெருப் பெண்கள் துணிமூட்டையோடு வந்தார்கள். மீட்டிங் ஹாலின் கருங்கல் மேசை துவைகல்லுக்குத் தோதாக இருந்ததால், திங்கட்கிழமைக் கூட்டம் சோப்பு நுரைக்கும் அடித்துத் துவைக்கிற சத்தத்துக்கும் நடுவில் நடந்தது, வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது. பரோட்டா மாஸ்டர் தூண்டிலோடு வந்தபோது மட்டும் தேவநேசன் எழுந்து குறுக்கே நின்றார்.

"இன்னும் கணக்கெடுக்கல தம்பி. எத்தன வகை மீனுன்னு எழுதி முடிக்காம ஒண்ணுமேல கைவைக்கக் கூடாது."

அந்த மாதத்து 'முந்நீர் செய்திகள்' முதல் பக்கத்தில் ஷகிலா பானு பெட்டிச் செய்தி போட்டாள். 'நம்மோடு புதிதாக இணைந்தவர்: கண்மாய். பிரிவு: நீர்த்தரம். சொந்த ஊர்: விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பிடித்த உணவு: மழை. பொழுதுபோக்கு: கொக்கு வளர்ப்பு.' நிரந்தர வேலையா, தற்காலிகமா என்கிற இடத்தில் மட்டும் ஒன்றும் எழுதாமல் கோடு போட்டு விட்டிருந்தாள். ஆறு மாதமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே அல்லியைப் பறிக்கக் குனிந்து முட்டிக்கொண்டு சிரித்துவிட்டார்கள். தேவநேசனுக்கு ரத்த அழுத்தம் இறங்கியது என்று கீழே பல் டாக்டரே அளந்து சொன்னார்.

அழகுமீனாள் ஒருத்திக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அவள் எங்கே உட்கார்ந்தாலும் தண்ணீர் அங்கே இளஞ்சூடாக இருந்தது, எழுந்து நடந்தால் கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது. அட்டவணை மேசைமேல் கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. முழுக் கண்மாயைக் காலடியில் வைத்துக்கொண்டு யார்தான் 'இல்லை' எழுதச் சொல்லப்போகிறார்கள் என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலையில் கிடங்குக் கம்பெனியின் ஆள் சுந்தரவரதன் வந்தார். மரியாதையான மனிதர். ஷூவைக் கழற்றி, சாக்ஸை அதற்குள் மடித்துவைத்து, பேன்ட்டை நாலு மடிப்பு மடித்துவிட்டு, தண்ணீரில் நடந்துவந்து தேவநேசனுக்கு எதிரில் உட்கார்ந்தார். அயிரைகள் அவர் பாதத்தையும் கொத்தின. கூச்சத்தில் இரண்டு தடவை நெளிந்தார்.

"இதானா அந்தக் கண்மாய்?"

"இதான் சார்" என்றார் தேவநேசன், தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவரைப்போல.

சுந்தரவரதன் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு. கள்ளிவயல்ல இருந்து இங்க முப்பத்தெட்டுக் கிலோமீட்டர். கண்மாய் இங்க இருக்கு. அப்படின்னா அங்க இல்ல. ஐந்நூறு மீட்டருக்குள்ள நீர்நிலை இல்லைன்னு தாராளமா எழுதலாம். பொய்யும் இல்ல, பாவமும் இல்ல. மேடம் நெஞ்சுல கைவச்சுக் கையெழுத்துப் போடலாம். என்ன மேடம்?"

துவைக்கிற சத்தம்கூட நின்றுபோயிற்று. தேவநேசனின் முகத்தில் நிம்மதி பரவுவதை அழகுமீனாள் பார்த்தாள். ஷகிலா பானு முகத்திலும் பார்த்தாள். கண்மாய் இங்கேயே இருந்துவிடுமே என்கிற ஆசை அது. பாவம், அவர்கள்மேல் கோபப்பட முடியவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இதுவோ புளுகே இல்லை, அதுதான் அவளை உலுக்கியது. அன்றைக்கு ஓடைக்குப் போட்டது பொய். இன்றைக்கு அவள் கையாலேயே கண்மாயை மொண்டு வந்து பொய்யை உண்மையாக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"இடத்த ஒருதரம் பாத்துட்டு வந்துர்றேன் சார்" என்றாள்.

"மூணு மணிக்குள்ள வந்துருங்க" என்றார் சுந்தரவரதன். "நான் இங்கயே இருக்கேன்."

கள்ளிவயலில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் காய்ந்த கண்மாய்க்கரையில் வரிசையாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். கண்மாயின் நடுவில் குளம்படி இருந்த இடமும் இப்போது வெடித்துக் கிடந்தது. ஜீப்பிலிருந்து இறங்கினவளை அடையாளம் கண்டுகொண்டு, வெள்ளையம்மா என்கிறவள் கை கழுவாமலேயே எழுந்து வந்தாள்.

"நீதானத்தா அன்னைக்குப் புட்டியில மோந்துட்டுப் போனவ? இருந்ததே ஒத்தக் குளம்படித் தண்ணி. அது கெடக்குற வரைக்கும், கண்மாய் உசுரோடத்தான் இருக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம். அதையும் கொண்டுட்டுப் போயிட்டியே தாயி."

அழகுமீனாள் வெடித்த தரையைக் குனிந்து பார்த்தாள். "இந்தக் கண்மாய்க்குப் பேரு என்னக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"பேரா?" வெள்ளையம்மா திரும்பி மற்ற பெண்களைப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை. "இருக்கிறது ஒண்ணு. பெத்த ஆத்தாவப் பேரு சொல்லியா கூப்புடுறோம்? எங்களுக்கு இது கண்மாய். அவ்வளவுதான்."

திரும்பி வருகிற வழியில் முத்துராக்கு ஜீப்பை விரட்டினார். கப்பலூர் தாண்டியதும், "எதுனாலும் செய்யி தாயி, நான் வண்டி ஓட்டுறேன்" என்றார்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தபோது அவள் தண்ணீருக்குள் நடந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து புட்டியை எடுத்தாள். ஆய்வகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு: எழுதினது தப்பானால் மை பூசி அழிக்கக் கூடாது, மேலேயே திருத்தி எழுதக் கூடாது, கிழித்தெறியக் கூடாது, ஒரே ஒரு கோடு, தப்பு என்னவென்று பிறகும் படிக்கத் தெரிகிற மாதிரி, பக்கத்தில் திருத்தினவர் கையெழுத்து. பதினாறு வருஷமாக ஆயிரம் தடவை அவள் செய்ததுதான்.

"அக்கா." ஷகிலா பானு குரல் உடைந்தது. "கோடு போட்டாப் போயிருமேக்கா."

"போகத்தான் வேணும் ஷகி. அதுக்கு ஊர் இருக்குடா."

"அழகு," என்றார் தேவநேசன். எழுந்தே நின்றுவிட்டார். "இந்த வேல நம்ம கையவிட்டுப் போச்சுன்னா, அப்புறம்..." ஆனால் அவளைத் தடுக்கவில்லை.

அழகுமீனாள் 'மாதிரி' என்கிற சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்தாள். முன்னால் 'கள்ளிவயல்' என்று எழுதினாள். ஓரத்தில் 'அ.மீ.' என்று போட்டுத் தேதியும் போட்டாள்.

மாதிரியாக இருக்கிற வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கண்மாய் என்று ஆகிவிட்டால் அதற்கென்று ஓர் ஊர் வேண்டும். தண்ணீர் மேசைகளுக்கு அடியிலிருந்து மெல்ல எழுந்தது, சுந்தரவரதனின் பேன்ட்டை இடுப்புவரை, இந்தத் தடவை நிஜமாகவே, நனைத்துவிட்டு வாசலுக்கு நடந்தது. கோரையைச் சுருட்டிக்கொண்டது, மீன்களைக் கூப்பிட்டுக்கொண்டது, படியில் வைத்திருந்த சுந்தரவரதனின் ஷூக்களைப் படகாக்கிக்கொண்டு இறங்கியது. பல் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். பைபாஸ் ரோட்டில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டி பஸ்களை நிறுத்தினார். அழகர் வருகிறார் என்றால் ஒதுங்கி நின்று கும்பிடுகிற ஊர், கண்மாய் வருகிறது என்றால் ஒதுங்காதா? ஆட்டோக்காரர்கள் என்ஜினை அணைத்தார்கள். சர்பத் கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வழிச்செலவுக்கு இருக்கட்டும் என்று அதில் ஊற்றினார். சுங்கச்சாவடியில் இது கனரகமா இலகுரகமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழித்துவிட்டுத் தடுப்பைத் தூக்கிவிட்டார்கள். முன்னால் முத்துராக்குவின் ஜீப்பில் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழகுமீனாள் உட்கார்ந்திருந்தாள், பின்னால் கண்மாய், அதற்கும் பின்னால் தேவநேசனின் கார், காருக்குள் ஷகிலா பானுவும் ஆபீசில் பாதிப்பேரும், எல்லாருக்கும் மேலே, வரிசை தப்பாமல், நாரைகள்.

கள்ளிவயலை அடைந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை. வெள்ளையம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டு மண்வெட்டியைப் போட்டுக் குலவையிட்டாள். கரை நெடுக அது பற்றிக்கொண்டது. கண்மாய் யாரிடமும் வழி கேட்கவில்லை. அடைபட்டுக் கிடந்த வரத்துக்காலின் மண்ணை ஒரு தள்ளில் தள்ளிவிட்டு உள்ளே போய், நாலு வருஷத்து வெடிப்பு ஒவ்வொன்றிலும் நுழைந்து நுழைந்து, வீட்டுக்கு வந்தவள் ஒவ்வோர் அறையாக எட்டிப்பார்க்கிற மாதிரி பார்த்து முடித்துவிட்டு, கரையிலிருந்து கரைவரை மல்லாந்து படுத்தது. சுந்தரவரதனின் ஷூக்கள் இரண்டும் கிடங்கு வேலியோரம் ஒதுங்கின.

அழகுமீனாள் அளவுகோலை எடுத்துக்கொண்டு புடவையை இழுத்துச் செருகினாள். 'உண்டு' என்று போட்டால் ஆழம் எழுதவேண்டும். ஆழத்தைக் கரையில் நின்று எழுத முடியாது. இறங்கினாள். முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. கரையில் தேவநேசன் அட்டையில் செருகிய அட்டவணையோடு நின்றுகொண்டிருந்தார், காற்றில் தாள் படபடத்தது. அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. மார்புவரை வந்ததும் பின்னால் அவர் குரல் கேட்டது, பதினாறு வருஷத்தில் அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

"அழகு! உண்டுன்னு நான் போட்டுட்டேம்மா! நானும் நேர்ல பாத்தவந்தானே? கையெழுத்தும் மொதல்ல என்னோடதுதான். என்ன ஆனாலும் ஆகட்டும், நீங்க மெதுவா வாங்க!"

அழகுமீனாள் அளவுகோலைச் சேற்றில் ஊன்றிவிட்டு ஒரு முங்கு முங்கினாள். தண்ணீருக்குள்ளேயே அழுதாள், வாய்விட்டு, நெஞ்சு காலியாகிற மட்டும். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. எழுந்து முகத்தை வழித்துவிட்டுக்கொண்டபோது கரையிலிருந்து முத்துராக்கு கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தாயி! ஆழம் எம்புட்டுன்னு சார் கேக்குறாரு!"

"முங்குற அளவு இருக்குண்ணே!" என்று கத்தினாள் அழகுமீனாள். "அப்படியே எழுதச் சொல்லுங்க!"